மனை வந்தது, நகரம் எங்கே?

நகரமயமாதல் குறித்து நம் சிற்றிதழ்களில் வரும் கட்டுரைகளுக்கு இரண்டே அச்சுகள்தாம் உண்டு போலும். ஆலைகள் எழுந்தன, உழவர்கள் திரண்டனர் என்னும் மான்செஸ்டர் கதை ஒன்று. கிராமத்தை நகரம் விழுங்கிற்று என்னும் ஒப்பாரி மற்றொன்று. தென்காசியில் வாழும் நாம் இரண்டையும் ஏற்பதற்கில்லை.

மான்செஸ்டருக்கும் பம்பாய்க்கும் ஆள் சேர்த்தவை பஞ்சாலைகள். தென்காசிக்கு அப்படி எந்த ஆலை வந்தது? இவ்வட்டாரம் அறிந்த தொழில் பீடி. அது திண்ணையில், பெண்களின் மடியிலுள்ள தட்டில் நடப்பது. ஆண்கள் சென்னைக்கும் கேரளத்துக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். போனவர்கள் அனுப்பிய பணம் இங்கே வீடாயிற்று. ஆட்கள் வெளியேறியதால் கட்டடங்கள் பெருகிய ஊர் இது.

அரசு எதை நகரம் என்கிறது என்று பார்ப்போம். அரசு அறிவித்துவிட்டால் அது நகரம். இல்லையேல் 5,000 பேர் வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் வேண்டும். முதன்மைத் தொழிலாளரான ஆண்களில் 75 விழுக்காட்டினர் வேளாண்மை சாராத வேலை செய்ய வேண்டும். 'ஆண்களில்' என்பதைக் கவனியுங்கள். பீடி சுற்றும் நம் பெண்கள் நாளெல்லாம் உழைத்தாலும் ஓர் ஊரை நகரமாக்க இயலாது! அறிவிப்பின் வலிமையோ அளவற்றது. தமிழகத்தின் நகர மக்கள் 1991இல் 34 விழுக்காடு, 2001இல் 44. இவ்வேற்றத்தின் பெரும்பகுதி பேரூராட்சிகளை நகரக் கணக்கில் சேர்த்ததால் வந்தது. பின்னர் 2004இல் ஊரக நிதியைப் பெறும்பொருட்டு 561 பேரூராட்சிகள் சிறப்பு ஊராட்சிகளாயின. 2006இல் மீண்டும் பேரூராட்சிகளாயின. ஒரு செங்கல்லும் அசையவில்லை.

குற்றாலத்தின் நிலை இன்னும் விந்தை. சாரல் காலத்தில் வந்து குளித்துப்போகும் இலட்சக்கணக்கானோர் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அவர்கள் விட்டுச்செல்லும் குப்பை மட்டும் பேரூராட்சியின் கணக்கு. அருவி நீரைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த விடுதிகள்மீது 2022இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட நேர்ந்தது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பதினேழு வயது மாணவனைக் கொண்டுபோயிற்று. மலைமேல் பெய்யும் மழையைக் கீழே குளிப்பவருக்கு நொடியில் அறிவிப்பது, இத்தனை பேர் கூடும் இடத்தில் முதற்கடமையன்றோ? டி.கே.சி. வாழ்ந்த ஊரில் இத்தனை கட்டடங்களா என்று ஆண்டுதோறும் கண்கலங்கும் இலக்கிய நண்பர்களும் (நாமும் உடன் அமர்ந்து தேநீர் அருந்தியிருக்கிறோம்) அக்கட்டடங்களில்தான் அறை எடுக்கிறார்கள்.

2019 நவம்பரில் தென்காசி மாவட்டத் தலைநகராயிற்று. அதன்பின் குற்றாலச் சாலையின் இருமருங்கும் மனைப்பிரிவு விளம்பரங்கள் மொய்த்தன. வகுப்பில் மருதத்திணை நடத்திவிட்டு வெளியே வந்தால், வயலில் நடுகற்கள்போல் மஞ்சள் பூசிய மனைக்கற்கள். மாணவர்களுக்குக் கழனியைக் காட்ட இப்போது பேருந்தேற வேண்டியிருக்கிறது. வீடு கட்டுவதை நாம் பழிக்கவில்லை. ஆனால் அங்கே கழிவுநீர் வடிய வேறு வழியின்றி, நேற்றுவரை நெல்லுக்குப் பாய்ந்த வாய்க்காலில் விழுகிறது. வாய்க்கால் சிற்றாற்றில் சேர்கிறது. நூலகமும் வடிகாலும் பூங்காவும் வந்திருந்தால் நகரம் வந்ததென்று மகிழ்ந்தே எழுதியிருப்போம். எனவே நண்பர்கள் நகரத்தை வைவதை நிறுத்திவிட்டு, மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் கோப்பில் வாய்க்கால் எங்கே என்று கேட்கட்டும்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அடிப்படை நாள் 2027 மார்ச் 1. அப்போது குற்றாலத்தில் சாரலும் இராது, கூட்டமும் இராது.