புரிட்டோ உண்ட கதை

பிள்ளையைப் பிறநாட்டுக்கு அனுப்பிய தாயின் முதற் கேள்வி படிப்பைப் பற்றியதன்று, சாப்பாட்டைப் பற்றியதே. அண்மையில் நாம் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகருக்குச் சென்றபோது, அங்கே கல்வி பயிலும் நண்பர் மகன் ஒருவனைக் கண்டு வரும் பொறுப்பும் நம்மேல் விழுந்தது. "தம்பி என்னத்தைச் சாப்பிடுகிறான் என்று கண்ணாலே பார்த்து வந்து சொல்லுங்கோ" என்றார் அவன் தாயார். பார்த்தோம்; பார்த்ததோடு நில்லாமல் நாமும் உண்டோம்.

பையன் நம்மை அழைத்துச் சென்றது மிஷன் என்னும் பகுதிக்கு. மெக்சிக்கோவிலிருந்தும் அதனை அடுத்த நாடுகளிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் நெடுங்காலமாக வாழும் இடம் அது. ஆடம்பரமற்ற சிறு சாப்பாட்டுக் கடைகள் அங்கே பல உள. பரிமாறுவார் எவரும் வருவதில்லை. வரிசையில் நின்று, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருக்கும் பண்டங்களைச் சுட்டிக்காட்டி, வேண்டியதை வேண்டியபடி கேட்டுப் பெற வேண்டும்.

அங்கே பெயர்பெற்ற பண்டம் புரிட்டோ. டோர்ட்டியா எனப்படும் மெல்லிய கோதுமை ரொட்டியில் இறைச்சி, அவரை இனத்துப் பயறு முதலியவற்றை வைத்து, ஓரங்களை உள்ளே மடித்து உருட்டிய சுருளே அது. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குச் 'சிறு கழுதை' என்பது பொருள். 1895இல் மெக்சிக்கோவில் வெளிவந்த அகராதி ஒன்றிலேயே இப்பண்டத்தின் பெயர் காணப்படுகிறது. சோளம் அந்நாட்டின் ஆதித் தானியம்; கோதுமையையும் மாட்டையும் கொண்டு வந்தவர்கள் ஸ்பானியர். இவ்விரண்டும் செழித்த வடமெக்சிக்கோவில் புரிட்டோ இன்றும் மெலிந்த சுருளே. உள்ளே ஒன்றிரண்டு பொருள்களுக்கு மேல் இரா.

அதற்குள் சோற்றையும் பயற்றையும் நிறைத்து, கைக்குழந்தைபோல் அலுமினியத் தாளில் சுற்றிக் கொடுப்பது மிஷன் பகுதியின் வழக்கம். இதனை முதலில் விற்றவர் யார் என்பதில் வழக்குண்டு. 1961இல் தாமே தொடங்கியதாக எல் ஃபாரோ கடையினரும், 1969இல் தாமே தொடங்கியதாக லா கும்பிரே கடையினரும் உரிமை பாராட்டியுள்ளனர். தீர்ப்பு வழங்க நாம் முற்படவில்லை, உண்ணவே முற்பட்டோம்.

நாம் கேட்டது மாட்டிறைச்சிப் புரிட்டோ. ஆங்கிலத்தில் ஸ்டேக் என்பர். கடைப் பலகையில் 'கார்னே அசாடா', அதாவது நெருப்பில் வாட்டிய இறைச்சி, என்றிருக்கும். முதல்நாட் கடையில் நமக்கு வாய்த்தது ஏமாற்றமே. இறைச்சி எப்போதோ வாட்டப்பட்டு, ஆவித் தட்டிற் கிடந்து, நிறம் மங்கித் தோல்போலாகி இருந்தது. போதாக்குறைக்கு, தட்டிற் கண்டவற்றை எல்லாம் நாம் ஆசையோடு சேர்க்கச் சொல்லியிருந்தோம். நாலாவது கடியிலேயே சுருள் பிரிந்து, சாறு முழங்கைவரை வழிந்தது. பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடதாசி எடுத்துத் தந்தான்.

மறுநாள் வேறொரு கடை. அங்கே கேட்ட பின்னரே இறைச்சியை இரும்புத் தட்டில் இட்டனர். தேசிப்புளி, உள்ளி, உப்பு ஆகியவற்றில் ஊறிய மெல்லிய துண்டுகள் சீறிக் கருகிய மணம் வீதிவரை வந்தது. இவ்விறைச்சி பெரும்பாலும் வயிற்றுப் பக்கத்துத் தசை, நீண்ட இழைகளை உடையது, ஒரு காலத்தில் செல்வர் விரும்பாதது. டெக்சாஸ் பண்ணைகளில் மாடு மேய்த்த மெக்சிக்கத் தொழிலாளருக்குக் கூலியின் ஒரு பகுதியாகக் கிடைத்தவை இத்தகைய கழிவுத் துண்டுகளே. அவர்கள் அதனை இழைக்குக் குறுக்காக வெட்டினால் மிருதுவாகும் என அறிந்திருந்தனர். வறுமை கற்பித்த அந்த வித்தையை அக்கடைக்காரரின் கத்தியிலும் கண்டோம்.

இம்முறை இறைச்சி, பயறு, வெங்காயமும் கொத்தமல்லியும் கலந்த தக்காளிச் சல்சா, சிறிது வெண்ணெய்ப்பழம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டோம். புகைமணமும் புளிப்பும் உறைப்பும் தனித்தனியே நாவிற் பட்டன. தக்காளியும் மிளகாயும் அந்த மண்ணிலிருந்தே கடல் கடந்து நம் அடுப்படிக்கு வந்தவை என்பதை அப்போது நினைத்துக்கொண்டோம்.

பையன் தன் சுருளில் பாதியை உண்டு, மீதியைத் தாளிற் சுற்றிப் பைக்குள் வைத்தான். "இது இரவுக்கு, மாமா. ஒன்றை வாங்கினால் இரண்டு வேளை போகும்" என்றான். பின்பு குரலைத் தாழ்த்தி, "நான் மாட்டிறைச்சி சாப்பிடுகிறேன் என்று அம்மாவுக்குச் சொல்லாதேயுங்கோ" என்றான்.

நாம் இக்கட்டில் அகப்பட்டோம். தாய்க்குக் கொடுத்த வாக்கு ஒருபுறம். பிள்ளை வைத்த நம்பிக்கை மறுபுறம். "நாம் சொல்ல மாட்டோம், ஆனால் பொய்யும் சொல்ல மாட்டோம். நீயே சொல்லிவிடு" என்றோம்.

அன்றிரவு, யாழ்ப்பாணத்தில் காலை வேளை, அவன் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னான். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பின்னர், "அதுக்குள்ளே மரக்கறி ஏதும் வைக்கிறவையோ, தம்பி?" என்ற கேள்வி வந்தது. பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம், தக்காளி, பயறு என ஒவ்வொன்றாக அடுக்கினான். இருவரின் இசைவோடுதான் இதனை இங்கே எழுதுகிறோம்.

அந்நாடு செல்லும் மாணவர்க்கு இரு வார்த்தை. இறைச்சியைக் கேட்ட பின் வாட்டும் கடையையே நாடுக. கண்டதையெல்லாம் சுருளில் அடைக்கச் சொல்லாதீர். மரக்கறி உணவினர் பயற்றுச் சுருளைக் கேட்குமுன், மசித்த பயற்றில் பன்றிக் கொழுப்புச் சேர்ந்துள்ளதா என விசாரித்துக்கொள்க. அவ்வாறு சமைப்பது அவர்களின் பழைய முறை.

தாய்மார்க்கு ஒரு வார்த்தை. பிள்ளை என்ன உண்கிறான் என்று கேளுங்கள். உண்மையைச் சொல்ல அஞ்சாதபடி கேளுங்கள்.