பெரிய தலைகள் போனால் தகவல், சின்னவர்கள் போனால்?

ஒரே நாளில் 2 பெரிய அதிகாரிகள் ராஜினாமா!

ஓலா எலக்ட்ரிக் கம்பெனியில் 2024 டிசம்பர் கடைசியில் நடந்தது இது. மார்க்கெட்டிங் தலைவர் அன்ஷுல் கண்டேல்வால், தொழில்நுட்பத் தலைவர் சுவோனில் சாட்டர்ஜி இருவரும் விலகினார்கள். "சொந்தக் காரணம்" என்று பங்குச் சந்தைக்குத் தகவல் போனது. கம்பெனியின் பங்குகள் சந்தைக்கு வந்து அப்போது 5 மாதம்கூட ஆகவில்லை.

"பெங்களூர் அதிகாரி போனால் தர்மபுரிக்கு என்ன?" என்று கேட்கலாம்.

இருக்கிறது! அந்தக் கம்பெனியின் ஸ்கூட்டர் தொழிற்சாலை இருப்பது போச்சம்பள்ளி பக்கத்தில். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகும் வரை அது தர்மபுரி மாவட்டத்து மண்.

ரூ.2,400 கோடி முதலீடு, 10 ஆயிரம் பேருக்கு வேலை என்று 2020 டிசம்பரில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் ஆனது. முழுக்கப் பெண்களே நடத்தும் ஆலை என்று 2021 செப்டம்பரில் அறிவிப்பும் வந்தது. வானம் பார்த்த பூமிக்கு இது சின்ன விஷயமா?

அதிகாரிகள் விலகியது தப்பில்லை. அது அவரவர் இஷ்டம். நேரம்தான் யோசிக்க வைக்கிறது.

அதே ஆண்டு அக்டோபரில்தான், ஓராண்டில் 10,644 புகார்கள் வந்ததாகச் சொல்லி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. 99 சதவீதத்துக்கு மேல் தீர்த்துவிட்டோம் என்றது கம்பெனி. அடுத்த 2 மாதத்தில் தொழில்நுட்பத் தலைவரே போனால், கடன் வாங்கி வண்டி எடுத்தவன் மனசு திக்கென்று ஆகாதா?

பெரிய அதிகாரி விலகினால் பங்குச் சந்தைக்குச் சொல்லியே ஆக வேண்டும். செபி விதி அப்படி. பங்கு வாங்கியவருக்கு இந்த மரியாதை உண்டு. ஷிப்ட் வேலை பார்க்கும் பெண்ணுக்கு?

பங்கு வாங்கியவர் நாளைக்கே விற்றுவிட்டுப் போகலாம். அதிகாரிக்கு இன்னொரு கம்பெனி கதவு திறக்கும். உள்ளூர்ப் பெண்ணுக்கு வேலை போனால் மறுபடி திருப்பூர் பஸ்தான்!

ஒப்பந்தம் போட்டது அரசு. எனவே கணக்குக் கேட்க வேண்டியதும் அரசுதான். சொன்ன 10 ஆயிரத்தில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? அதில் இரு மாவட்டத்துக்காரர்கள் எத்தனை? நிரந்தரம் எத்தனை, காண்ட்ராக்ட் எத்தனை? ஆண்டுக்கு ஒரு தடவை கலெக்டர் ஆபீஸ் போர்டில் ஒட்டினால் போதும்.

பங்குச் சந்தைக்குப் போகிற தகவல் போச்சம்பள்ளி சந்தைக்கும் வரட்டும்!