கடைமடைக்கு வரும் சூரியக் காற்று

கடைமடையில் பயிர் செய்பவருக்கு அணை திறந்த செய்தி மட்டும் போதாது. ஜூன் 12-ல் மேட்டூரில் மதகு உயர்ந்தாலும், எத்தனை கன அடி விட்டார்கள், கல்லணையை எப்போது தொட்டது, வெண்ணாற்றில் எவ்வளவு, வெட்டாற்றில் எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் நாகப்பட்டினத்துப் பக்கம் விதைப்பைப் பற்றி யோசிக்க முடியும். தலைப்பிலும் கடைசியிலும் அளந்துவிட்டு நடுவழியை விட்டுவிட்டால் தண்ணீர் வந்து சேரும் நாளைச் சொல்ல முடியாது. சூரியனிலிருந்து கிளம்பும் பிளாஸ்மாவுக்கும் இதே நியாயம்தான். அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து, காந்தப்புலத்தோடு பின்னிக்கொண்டு ஓடும் கொதிவாயு அது. சூரியக் காற்று என்னும் அந்த ஓட்டத்தில் பூமியும் ஒரு கடைமடை; நடுவே 15 கோடி கிலோமீட்டர். 2023 செப்டம்பர் 2-ல் சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலத்தை ஏவிய பிறகு, கொடைக்கானலிலும் உதகையிலும் உள்ள பழைய கருவிகளுக்கு இனி என்ன வேலை என்று தோன்றலாம். முன்னைவிட அதிக வேலை இருக்கிறது என்பதே என் வாதம்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் பிறந்த கதையே பஞ்சத்தில் தொடங்குகிறது. 1876-78-ல் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின், மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி எழுந்தது. 1893-ல் லண்டனில் கெல்வின் பிரபு தலைமையில் கூடிய குழு இந்த ஆய்வகத்துக்கு இசைவு தந்தது. சூரியப் புள்ளிகளை எண்ணிப் பருவமழையைச் சொல்லிவிடலாம் என்ற அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. ஆனால் 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் அங்கே வேறொன்றைக் கண்டார். சூரியப் புள்ளியைச் சுற்றியுள்ள மங்கலான வளையத்தில் வாயு உள்ளிருந்து வெளிப்புறமாகப் பாய்கிறது. அந்த ஓட்டத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. நிறமாலைக் கோடுகள், நம்மை நோக்கி வரும் வாயுவில் நீலப் பக்கமும், விலகும் வாயுவில் சிவப்புப் பக்கமும் இம்மியளவு நகர்ந்திருந்ததை வைத்து வேகத்தைக் கணக்கிட்டார். இது டாப்ளர் விளைவு. 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியபோது அதைப் பின்தொடர்ந்த காரைக்கால் ரேடாரின் பெயரிலும் அதே டாப்ளர்தான் இருக்கிறார். பெயர் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. எட்டிப் பிடிக்க முடியாத காற்றின் வேகத்தை அறிய இரண்டு இடத்திலும் ஒரே வழியைத்தான் கையாள்கிறார்கள்.

உதகையின் பங்கு இன்னும் நுட்பமானது. அங்குள்ள ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் கொண்டது. கோவிந்த் சுவரூப் தலைமையில் இந்தியர்களே வடிவமைத்துக் கட்டிய அது, 1970-ல் வேலையைத் தொடங்கியது. மலைச்சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகையான 11 பாகைக்கு ஒத்திருப்பதால், ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர முடிகிறது. இடம் தேர்ந்தவர்களின் மதிநுட்பத்தை எத்தனை முறை பாராட்டினாலும் தகும். நம் காற்று மண்டலத்தால் விண்மீன் மினுக்குவதைப் போல, சூரியக் காற்றைக் கடந்து வரும் ரேடியோ அலைகளும் மினுக்குகின்றன. அந்த மினுக்கம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்று பார்த்தால், இடைவெளியில் ஓடும் பிளாஸ்மாவின் வேகம் கிடைக்கும். ஆதித்யா சூரியனை ஒட்டிய ஒளிவளையத்தைப் பார்க்கிறது; தன்னைக் கடக்கும் துகள்களையும் அளக்கிறது. ஆனால் அது நிற்பது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டரில், மொத்தத் தூரத்தில் நூற்றில் ஒரு பங்கில். நொடிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று அதைத் தொட்ட பின் நமக்குக் கிடைப்பது 50 நிமிட அவகாசம். தலைமதகிலும் வீட்டு வாசலிலும் ஆள் இருக்கிறார். ஆறு ஓடும் நடுவழியைப் பார்ப்பது உதகை. வெளிநாட்டு விண்கலங்களின் கேமராக்களும் நடுவழியைப் பார்க்கின்றன என்பது உண்மை. ஆனாலும் இரண்டாவது அளவுகோல் இருந்தால்தான் முதலாவது தவறியதா என்று தெரியும்.

வயலில் உப்பு ஏறிக்கொண்டிருக்கும் ஊரில் இந்தச் செலவு எதற்கு என்று கேட்பவரை அலட்சியப்படுத்தக் கூடாது. அந்தக் கேள்விக்குப் பதில் அக்கரைப்பேட்டையிலிருந்து கடலுக்குப் போகும் விசைப்படகிலேயே இருக்கிறது. அதன் ஜிபிஎஸ் கருவிக்கு வரும் சமிக்ஞை, வளிமண்டலத்தின் உச்சியில் உள்ள அயனி அடுக்கைக் கடந்துதான் வருகிறது. காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டிச் செல்வதால் இங்கே அந்த அடுக்கு இயல்பாகவே கலங்கக்கூடியது; சூரியப் புயலின்போது நிலைமை மோசமாகலாம். 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38-ஐ ஒரு சாதாரணக் காந்தப் புயல் வீழ்த்தியது. 2024 மே மாதப் புயலில் லடாக்கின் ஹான்லே வானம் சிவந்தது. கடல் எல்லையை அறிய ஜிபிஎஸ்ஸை நம்பித் தொழில் செய்பவருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

சூரியன் வரை சரி, பல கோடி ஒளியாண்டுக்கு அப்பால் கருந்துளைகள் பீய்ச்சும் தாரைகளால் யாருக்கு என்ன பயன் என்பது அதைவிடக் கடினமான கேள்வி. 1918-ல் வானியலாளர் ஹீபர் கர்டிஸ், எம்87 விண்மீன் மண்டலத்தின் மையத்திலிருந்து ஒரு நேர்க்கோடு நீள்வதைப் புகைப்படத்தில் கண்டார். அது கோடு மட்டுமே, ஓட்டம் தெரியவில்லை. 1990-களில் ஹப்பிள் தொலைநோக்கி ஆண்டுக்கணக்கில் எடுத்த படங்களை ஒப்பிட்ட பிறகுதான், அதிலுள்ள முடிச்சுகள் ஒளியைவிட ஆறு மடங்கு வேகத்தில் நகர்வதாகத் தோன்றுவது புலப்பட்டது. தாரை ஏறத்தாழ நம்மை நோக்கியே, ஒளிக்குச் சற்றே குறைந்த வேகத்தில் வருவதால் நேரும் தோற்றம் அது. 2024-ல் அறிவித்த போர்ஃபிரியன் தாரைகளின் நீளம் 2.3 கோடி ஒளியாண்டு. அவை எந்த மண்டலத்திலிருந்து கிளம்பின என்று கண்டறிய, புனே அருகே உள்ள ஜிஎம்ஆர்டி தொலைநோக்கி உதவியது. நேரடிப் பயனைக் கேட்டால், ஒன்று உண்டு. உதகையில் மினுக்கும் அந்த ரேடியோ புள்ளிகளில் பல இத்தகைய தாரைகளின் அடிவேர்களே. அந்த விளக்குகள் எரியாவிட்டால் நம் சூரியக் காற்றின் நடுவழி உதகைக்கு இருட்டாகவே இருக்கும்.

ஆகவே புதிய விண்கலத்துக்கு நிதி ஒதுக்கும்போதெல்லாம் மலைமேல் உள்ள கருவிகளின் பராமரிப்புக்கும் ஒரு பங்கு உறுதியாக வேண்டும். ஒரு வருடம் விட்டுப்போன பதிவைப் பிறகு எந்தப் பணத்தாலும் வாங்க முடியாது. கொடைக்கானலில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் கணினிப் பதிவாக மாறி, இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வழியே ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. நாகப்பட்டினம், திருவாரூர் கல்லூரிகளின் இயற்பியல் மாணவர்கள் அந்தப் படங்களை எடுத்து ஒரு சூரியப் புள்ளி நாளுக்கு நாள் நகர்வதை அளந்து பார்க்கலாம். அதற்கு ஒரு கணினியும், பொறுமையுள்ள ஆசிரியர் ஒருவரும் போதும்.