ஊழியர்களின் புகாரே முதல் எச்சரிக்கை: நரசாபுரா சம்பவம் உணர்த்துவது என்ன?

பெங்களூரு: பொருளாதார நெருக்கடி ஏற்படும்போது நிறுவனங்கள் செலவுகளைக் குறைப்பது இயல்பு. பயிற்சி, நலத்திட்டங்கள் ஆகியவற்றுடன் ஊழியர்களின் கருத்துகளைக் கேட்டறியும் ஏற்பாடுகளும் அப்போது பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. ஆனால், உற்பத்தித் தளத்தில் என்ன நடக்கிறது என்பதை நிர்வாகம் அறிந்தே ஆகவேண்டிய காலமும் அதுதான். பெங்களூருவுக்கு அருகே 2020-ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்த சம்பவம் இதற்குச் சான்றாகும்.

கரோனா பொதுமுடக்கத்தால் அந்த ஆண்டு ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி சுமார் 24 சதவீதம் சரிந்திருந்தது. அந்தச் சூழலில், கோலார் மாவட்டம் நரசாபுராவில் ஐஃபோன்களைத் தயாரித்துவந்த தைவானின் விஸ்ட்ரான் நிறுவனம், ஆள்சேர்ப்பை வேகப்படுத்தியது. குறுகிய காலத்தில் தொழிலாளர் எண்ணிக்கை 5,000-லிருந்து சுமார் 10,500-ஆக உயர்ந்தது. இவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

பேசிய ஊதியம் வழங்கப்படவில்லை, வேலை நேரம் முறையாகக் கணக்கிடப்படவில்லை என்பவை தொழிலாளர்களின் புகார்கள். டிசம்பர் 12-ஆம் தேதி காலை இரவுப்பணி முடிந்த வேளையில் அதிருப்தி வன்முறையாக வெடித்தது. ஆலை சூறையாடப்பட்டது, நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். வன்முறையை நியாயப்படுத்த இயலாது. எனினும், அதன் பின்னணியை ஆராய்ந்த மாநிலத் தொழிற்சாலைகள் துறை, ஆலையின் வளர்ச்சிக்கு ஏற்ற மனிதவளப் பிரிவு அங்கு இல்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் சிலருக்கு ஊதியம் தாமதமானதை ஆப்பிள் நிறுவனமும் உறுதிப்படுத்தியது.

சேதத்தின் மதிப்பு ரூ.437 கோடி என முதலில் காவல்துறையிடம் புகார் அளிக்கப்பட்டது. பின்னர், அது 10 கோடி முதல் 20 கோடி தைவான் டாலர் வரை, அதாவது அதிகபட்சம் சுமார் ரூ.52 கோடி என நிறுவனம் தெரிவித்தது. இதைவிடப் பெரிய இழப்பு வேறு. குறைகள் களையப்படும் வரை புதிய பணி ஆணைகள் இல்லை என்று ஆப்பிள் அறிவித்தது. இந்தியப் பிரிவைக் கவனித்துவந்த துணைத் தலைவரை விஸ்ட்ரான் நீக்கியது. பெயரை வெளியிடாமல் குறைகளைத் தெரிவிக்க, கன்னடம், தெலுங்கு, தமிழ், இந்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் 24 மணி நேர உதவி எண்ணையும் ஏற்படுத்தியது. இந்த வசதி அக்டோபரிலேயே இருந்து, புகார்கள் மீது நடவடிக்கையும் எடுக்கப்பட்டிருந்தால், அதற்கான செலவு மிகச் சொற்பமாகவே இருந்திருக்கும்.

அதே காலகட்டத்தில், பெங்களூருவின் மறுபுறம் பிடதியில் உள்ள டொயோட்டா கிர்லோஸ்கர் ஆலையும் தொழிலாளர் பிரச்சினையைச் சந்தித்தது. ஊழியர்களிடம் யோசனை கேட்டு உற்பத்தியை மேம்படுத்தும் முறையை 1951-ஆம் ஆண்டு முதல் ஜப்பானில் நடைமுறைப்படுத்திவரும் நிறுவனம் டொயோட்டா. ஆயினும், பணிச்சுமை அதிகம் என்ற தொழிலாளர்களின் புகாரும், ஒழுங்கீனம் என்ற நிர்வாகத்தின் குற்றச்சாட்டும் மோதியதில், 2020 நவம்பரில் கதவடைப்பு அறிவிக்கப்பட்டது. 2021 ஜனவரியில்தான் கதவடைப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. உற்பத்தியைப் பெருக்கும் யோசனைகளை வரவேற்பது எளிது. பணிச்சுமை குறித்த முறையீட்டுக்கும் அதே வரவேற்பு கிடைக்கிறதா என்பதே உண்மையான சோதனை என்பதை இது காட்டுகிறது.

20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களில், இருதரப்புக்கும் சம எண்ணிக்கையில் பிரதிநிதித்துவம் உள்ள குறைதீர்ப்புக் குழு கட்டாயம் என்கிறது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு. முந்தைய சட்டத்திலும் இத்தகைய விதி இருந்தது. ஆகவே, விதி இருப்பது மட்டும் போதாது. ஒப்பந்தத் தொழிலாளரும் தமது மொழியில், அச்சமின்றிப் பேச வழி வேண்டும். குறிப்பிட்ட நாள்களுக்குள் பதில் கிடைக்க வேண்டும். எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை தீர்க்கப்பட்டன என்பது உற்பத்திக் கணக்குடன் சேர்த்து உயர் நிர்வாகத்தின் பார்வைக்குச் செல்ல வேண்டும்.

நரசாபுரா ஆலையை 2023-ஆம் ஆண்டு டாடா குழுமம் கையகப்படுத்தியது. உரிமையாளர் மாறினாலும், அந்த ஆலை விட்டுச்சென்ற பாடம் எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தும்: ஊதியச் சீட்டில் உள்ள பிழையை முதலில் அறிபவர் தொழிலாளரே. அவர் சொல்லும்போதே திருத்திக்கொள்வதுதான் நெருக்கடிக் காலத்தில் சிக்கனமான வழி.