ஒரு குறளும் எழுதாமல் ஒரு தமிழ்ப் பட்டம்

இளங்கலைத் தமிழில் யாப்பிலக்கணத் தாளுக்கென்றே வழக்கமான வினா ஒன்று உண்டு. ஒரு குறட்பாவைக் கொடுத்து, ‘அலகிட்டு வாய்பாடு கூறுக’ என்பார்கள். மாணவர்களுக்கு மிகவும் பிடித்த வினா. நேர், நிரை என்று அசை பிரித்து, தேமா, புளிமா, கூவிளம் என்று வரிசையாக எழுதி, ஈற்றுச்சீர் நாளா, மலரா, காசா, பிறப்பா என்று சொல்லி முடித்தால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். அரசுக் கல்லூரித் தமிழ்த் துறையில் 28 ஆண்டுகள் இருந்து அந்த விடைத்தாள்களைத் திருத்தியவன் நான். அலகிடுவதில் என் மாணவர்கள் சோடை போனதில்லை. ஆனால், மூன்றாண்டுப் படிப்பில் சொந்தமாக ஒரு குறள் வெண்பா எழுதிப் பார்க்க வேண்டிய கட்டாயம் அவர்களில் பெரும்பாலோருக்கு வந்ததில்லை. பாடத்திட்டம் அதைக் கேட்கவில்லை. நெடுங்காலம் நானும் கேட்கவில்லை.

தமிழ் இலக்கியப் பட்டத்தின் கோளாறு முழுவதும் இந்த ஓர் இடத்தில் திரண்டு நிற்கிறது என்று நினைக்கிறேன். ஆறு செமஸ்டர்களில் சங்கப் பாடல், காப்பியம், சிற்றிலக்கியம், நன்னூல், தண்டியலங்காரம், இக்கால இலக்கியம் எல்லாம் வந்துபோகின்றன. எல்லாவற்றையும் பற்றிப் பேசக் கற்றுத் தருகிறோம். எதையும் செய்து பார்க்க விடுவதில்லை. ‘சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும்’ என்ற பத்து மதிப்பெண் வினாவுக்கு, புதுமைப்பித்தனின் ஒரு கதையைக்கூடப் படிக்காமல் கைடை மட்டும் வைத்துக்கொண்டு எட்டு மதிப்பெண் வாங்கலாம். வாங்குகிறார்கள். படைப்பிலக்கியம் என்றே பெயரிட்ட ஒரு தாளின் வினாத்தாள் ஒருமுறை என் கைக்கு வந்தது. சிறுகதையின் தொடக்கமும் முடிவும் எப்படி அமைய வேண்டும், விளக்குக என்று கேட்டிருந்தார்கள். கதை எழுதச் சொல்லி ஒரு வினாவும் இல்லை.

இது நம் மரபு இல்லை. நன்னூல் பாயிரத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோமே, அது யாரை நோக்கிப் பேசுகிறது? நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்கள், இருக்க வேண்டிய பத்து அழகுகள், முப்பத்திரண்டு உத்திகள் என்று பவணந்தி வகுப்பது, நூல் செய்ய உட்காருகிறவனுக்காகவும்தான். யாப்பருங்கலக்காரிகையைப் படித்தவன் பாட்டுக் கட்டினான், கட்டவே படித்தான். 19ஆம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட அனுபவத்தை உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். ஆசிரியர் மனத்துக்குள்ளேயே செய்யுளை இயற்றிச் சொல்லச் சொல்ல, மாணவர் ஏட்டில் எழுதுவார். ஒரு புராணம் உருவாகும்போது பக்கத்தில் இருப்பதுதான் அங்கே வகுப்பு. ஒரு செய்யுள் எங்கே தயங்குகிறது, எங்கே திரும்புகிறது என்பதை அவர்கள் காதால் அறிந்தார்கள். பின்னாளில் சீவக சிந்தாமணியின் சிதைந்த ஏடுகளுக்கு முன்னால் உட்கார்ந்து, சீர் எங்கே உடைகிறது, சொல் எங்கே விழுந்திருக்கிறது என்று உ.வே.சா. கண்டுபிடித்ததற்கு இந்தச் செவிப் பயிற்சியும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன்.

அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போகலாம் என்று சொல்ல வரவில்லை. பிள்ளையவர்களிடம் கிறித்தவரும் இசுலாமியரும் படித்தார்கள். அது பெரிய மனசு. ஆனாலும் மடத்துத் திண்ணையை நெருங்கவே முடியாத தமிழர்கள் பெருந்திரளாக வெளியே நின்றார்கள். கதவைத் திறந்தது கல்லூரிதான். அரசுக் கலைக்கல்லூரியின் தமிழ் வகுப்பில் இன்று உட்கார்ந்திருப்பவர்களில் மிகப் பலர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். கதவைத் திறந்தபோதே பட்டறையை மூடிவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். பாட்டியின் கதைகளும் காட்டு வேலையின் சொற்களும் கைவசம் உள்ளவர்கள் உள்ளே வந்த நேரத்தில், எழுதிப் பழகும் வேலை பாடத்திலிருந்து போய்விட்டது.

பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளில், அகமதிப்பீட்டு ஒப்படைப்பாகக் குறள் எழுதச் சொன்னேன். பொருள் உங்கள் வீடு, இரண்டே அடி, தளை தட்டக் கூடாது. பூக்கட்டி விற்கும் தாயின் மகள் ஒருத்தி ‘அம்மா பூக்கட்டும்’ என்று தொடங்கிக்கொண்டு வந்தாள். அம்மா என்பது தேமா. வெண்பாவில் மாச்சீரை அடுத்து நிரையசை வர வேண்டும், ‘பூ’ நேரசை. தளை தட்டுகிறது. ‘மலர்’ என்று போட்டால் சரியாகிவிடும் என்று பக்கத்தில் இருந்தவன் சொன்னான். அவள் ஒப்பவில்லை. “எங்க வீட்டுல யாரும் மலர்னு சொல்ல மாட்டோம் ஐயா” என்றாள். மறுநாள் ‘அம்மா விரலில்’ என்று மாற்றி எழுதி வந்தாள். தளை சரியாக இருந்தது. அதைவிட முக்கியமாக, கண் பூவிலிருந்து விரலுக்கு நகர்ந்திருந்தது. வாழைநார் அறுத்த தழும்பு அடுத்த சீரில் வந்து உட்கார்ந்தது. முதலில் தோன்றிய சொல்லை யாப்பு மறுத்ததால், அவள் தன் தாயை இன்னொரு முறை பார்க்க வேண்டியதாயிற்று. யாப்பு எதற்கு என்று நான் ஆண்டுக்கணக்காக விளக்கியும் விளங்காதது அந்த ஒரு நாளில் வகுப்புக்கே விளங்கிற்று. அதன் பிறகு வள்ளுவர் ஓரிடத்தில் ஏன் இந்தச் சொல்லை எடுத்தார், ஏன் அதை விட்டார் என்று அவர்களாகவே கேட்கத் தொடங்கினார்கள். திறனாய்வு என்ற பெயரில் நாங்கள் நடத்திய எந்தத் தாளும் அந்தக் கேள்வியை எழுப்பியதில்லை.

எழுத்தைக் கற்றுத்தர முடியாது, எழுத்தாளர் பிறக்கிறார் என்று துறைக்கூட்டங்களில் பலமுறை பதில் கிடைத்திருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற ஜெயகாந்தனை உடனே காட்டுவார்கள். ஜெயகாந்தன் பள்ளியைத்தான் விட்டார். கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் தோழர்களுக்கு நடுவே வளர்ந்தார், அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினார். அதுவும் கல்விதான். 1959இல் சி.சு.செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ பத்திரிகை ஒரு தலைமுறைக் கவிஞர்களுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி வீட்டில் நடந்த ‘காகங்கள்’ கூட்டங்களும் அப்படியே. தமிழில் எழுத்துப் பயிற்சி எப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தது, கல்லூரிக்கு வெளியே. அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் போனார்கள். தெரியாதவர்களுக்காகத்தான் அரசு கல்லூரி நடத்துகிறது.

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் 1936இலேயே எழுத்துப் பயிற்சியைப் பட்டப்படிப்பாக்கிவிட்டது. ஃபிளானரி ஓ’கானர் 1947இல் அங்கே பட்டத்துக்காகக் கொடுத்த ஆய்வேடு ஒரு சிறுகதைத் தொகுப்பு. இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்கிலியாவில் இதே படிப்பை 1970இல் தொடங்கினார்கள். அங்கே படித்த கசுவோ இஷிகுரோ 2017இல் நோபல் பெற்றார். இப்படிப்பட்ட பட்டறைகள் எல்லாரையும் ஒரே மாதிரி எழுத வைத்துவிடுகின்றன என்ற குறை அங்கேயே பலமாக ஒலிக்கிறது. அது பொருட்படுத்த வேண்டிய குறையும்கூட. ஆனால் நம் நிலைமை வேறு. நம் மாணவர்களை ஒரே மாதிரி எழுத வைக்கும் பட்டறை ஏற்கெனவே முழுவீச்சில் நடக்கிறது. அதற்குப் பெயர் நோட்ஸ். ‘இவர் ஒரு சிறந்த சமூகச் சிந்தனையாளர் ஆவார், இவரது படைப்புகள் காலத்தை வென்றவை’ என்ற அச்சுவார்ப்பு வாக்கியத்தில்தான் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மூன்றாண்டு எழுதிப் பழகுகிறார்கள். வீட்டில் பேசும் ஒரு சொல்லும் அதில் நுழையாது. நுழைந்தால் சிவப்பு மையால் சுழிக்கிறோம், நானும் சுழித்திருக்கிறேன்.

வேறு விதமாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். பள்ளிப்படிப்பை முடிக்காத கரிசல்காட்டு விவசாயி கி.ராஜநாராயணனைப் புதுவைப் பல்கலைக்கழகம் 1980களில் அழைத்துப் பேராசிரியர் இருக்கையில் அமர்த்தி, நாட்டார் கதைகளைத் தொகுக்கும் பொறுப்பைக் கொடுத்தது. தமிழ்ப் பேராசிரியரான பெருமாள்முருகன் நாமக்கல்லில் ‘கூடு’ என்ற பெயரில் மாணவர்களைக் கூட்டிப் பேச வைத்தார். அவர் தொகுத்த ‘சாதியும் நானும்’ நூலில் பலர், சாதி தங்கள் வாழ்க்கைக்குள் எப்படி வந்தது என்பதைத் தன்னிலையில் எழுதியிருக்கிறார்கள். கைடு எழுதித்தர முடியாத உரைநடை அது. இரண்டுமே தனிமனிதர்களின் பலத்தில் நடந்தவை. அவர்கள் ஓய்வு பெற்றால் கூடவே போய்விடும் ஏற்பாட்டைப் பாடத்திட்டம் என்று சொல்ல முடியாது.

படித்த பிறகு வேலை என்ன என்ற கேள்வியைத் தட்டிவிட எனக்கு உரிமையில்லை. பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வு, டிஎன்பிஎஸ்சி என்ற பாதையில்தான் பெரும்பாலோர் போகிறார்கள், போகத்தான் வேண்டும். ஆனால் நாளை பள்ளியில் ‘மழை பற்றிக் கட்டுரை எழுதுக’ என்று பிள்ளைகளிடம் சொல்லப்போகும் ஆசிரியர் அவர்களில் ஒருவர்தானே. தானே ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதிய பழக்கம் இல்லாதவர் அந்தக் கட்டுரையை எப்படித் திருத்துவார்? எழுத்துப்பிழைக்கு வட்டம் போடுவார். பிள்ளை எழுதியதில் உயிர் எங்கே இருக்கிறது என்று அவர் கண்ணுக்குத் தெரியாது.

வகுப்பில் 60 பேர், ஆசிரியர்களில் பலர் குறைந்த ஊதியக் கௌரவ விரிவுரையாளர்கள், கதைக்கு மதிப்பெண் போட அளவுகோல் எங்கே என்று கேட்கிறார்கள். நியாயமான தடைகள். கதையின் தரத்துக்கு மதிப்பெண் போட வேண்டாம். முதல் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவே என்ன மாறியது, ஏன் மாறியது என்பதற்குப் போடலாம். அதை ஒரு கௌரவ விரிவுரையாளராலும் அரைமணி நேரத்தில் மதிப்பிட முடியும். ஆறாம் செமஸ்டரில் முந்தைய ஆண்டுப் பக்கங்களையே நகலெடுத்துக் கட்டித் தரும் திட்டக்கட்டுரைக்குப் பதிலாக, தன் ஊர்ச் சொற்களின் சிறு அகராதியோ, ஒரு கதையும் அதன் நான்கு திருத்தங்களுமோ கொடுக்கலாம் என்று விதி எழுதலாம்.

பாடத்திட்டக் குழுவுக்கு இதெல்லாம் பாரமாகத் தோன்றினால், யாப்பிலக்கண வினாத்தாளில் ‘அலகிட்டு வாய்பாடு கூறுக’ என்பதற்குக் கீழே ஒரு வரி சேர்க்கட்டும்: ‘நீங்களே ஒரு குறள் வெண்பா எழுதுக. எழுதும்போது கைவிட்ட ஒரு சொல்லையும், ஏன் கைவிட்டீர்கள் என்பதையும் கூறுக.’