பதிப்புரை இல்லாத பாடல்கள்

தில்லி கோல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள அரசுக் குடியிருப்புகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்திருக்கின்றன. விடுமுறைக்கு ஊர் சென்று கிராண்ட் டிரங்க் விரைவுவண்டியில் திரும்பும்போது, அப்பளம் வடகத்தோடு ஒலிநாடாக்களும் பெட்டியில் வரும். இன்று அந்த நாடாக்கள் பரணில் கிடக்கின்றன. அதே பாடல்கள் ‘ரீமாஸ்டர்’ என்ற முத்திரையோடு கைப்பேசியில் ஒலிக்கின்றன. பழையதே இனிது என்பார் தந்தை. புதியதே தெளிவு என்பான் மகன். இருவரும் ஒப்பிடுவதாக நினைக்கிறார்கள். ஆனால், ஒப்பிடுவதற்குத் தேவையான விவரங்கள் இருவரிடமும் இல்லை.

முதல் சிக்கல் செவியிலேயே இருக்கிறது. ஒலி குறைவாக இருக்கும்போது தாழ்ந்த சுருதிகளை மனிதச் செவி சரிவர உணர்வதில்லை என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1933இல் அளந்து காட்டினார்கள். ஒரே பதிவைச் சற்றே உரக்க ஒலித்தால் அது செறிவானதாகத் தோன்றும். கேட்பவர் அதனை ‘உரத்தது’ என்று சொல்லமாட்டார், ‘தரமானது’ என்பார். இரண்டு பதிவுகளின் ஒலியளவையும் சமன்செய்த பிறகு, எது எது என்று அறியாமல் கேட்பதே நேர்மையான ஒப்பீடு. அப்படிக் கேட்கும்போது பல ரீமாஸ்டர்களின் பொலிவு அங்கேயே மறைந்துவிடுகிறது.

இந்தப் பலவீனம் இசை நிறுவனங்களுக்கு நன்கு தெரியும். எண்முறை ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்குள் ஒரு பாடலை மேலும் உரத்ததாக்க வேண்டுமெனில், உச்சங்களைத் தட்டையாக்கி மெல்லிய பகுதிகளை மேலே உயர்த்த வேண்டும். மேலை ராக் இசை உலகில் ‘ஒலியளவுப் போர்’ என்று பெயர்பெற்ற இந்தப் போட்டி, 1990களிலிருந்து பல பழைய தொகுப்புகளின் மறுவெளியீடுகளையும் பாதித்தது. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) போன்ற ஒரு தொகுப்பில் தனி வயலினுக்கும் முழு வயலின் குழுவுக்கும் இடையிலுள்ள ஒலித்தொலைவே இசையின் கட்டுமானம். அந்தத் தொலைவைக் குறைத்தால் ஸ்வரங்கள் எஞ்சும், கட்டுமானம் எஞ்சாது. இன்று இணைய இசைச் சேவைகள் பலவும் பாடல்களின் ஒலியளவைத் தாமே சமன்செய்கின்றன. ஆகவே உரக்கச் செய்ததால் கிடைத்த ஆதாயம் போயிற்று. தட்டையானது மட்டும் நிலைத்துவிட்டது.

இரண்டாவது சிக்கல், சுத்தம் செய்வதில் இருக்கிறது. காந்த நாடாவின் இரைச்சல் பெரிதும் உறுத்துவது உயர் அதிர்வெண் பகுதியில். ‘ஸ’ என்னும் ஒலியின் ஆற்றலும் ஏறத்தாழ 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் திரண்டிருக்கிறது. இரைச்சலை முற்றாகத் துடைக்க முனைபவர் பாடகரின் உச்சரிப்பையும் சிறிது துடைத்துவிடுகிறார். ஜால்ராவின் நாதம் மங்குகிறது, பாடகரின் மூச்சு காணாமற்போகிறது. ஒற்றைத் தட ஒலியாகப் பதிவான பழைய பாடல்களைச் செயற்கையாக ஸ்டீரியோவாக்குவதும் இதைப் போன்றதே. இல்லாத அகலம் வந்து சேர்கிறது. குரல் நின்ற நடு இடம் கலைகிறது.

இதனால் ரீமாஸ்டர் என்பதே தீது என்று ஆகிவிடாது. வேகம் பிசகிய நாடாவைச் சரியான சுருதிக்குக் கொண்டுவருவதும், தேய்ந்த படியை விட்டு மூல நாடாவைத் தேடி எடுப்பதும் அரிய பணிகள். குறை வேறிடத்தில் இருக்கிறது. என்ன செய்யப்பட்டது என்பதை யாரும் எழுதிவைப்பதில்லை.

ரீமாஸ்டர் ஒரு பதிப்பு. பதிப்பு என்றால் என்னவென்று தமிழருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் அச்சிட்டபோது, ஏடு தந்தவர்களை முகவுரையில் குறிப்பிட்டார்; பாடபேதங்களைக் காட்டினார். தம் முடிபை ஏற்காதவரும் மாற்றுப் பாடத்தைக் கண்டு தாமே முடிவுசெய்ய வழிவைத்தார். நூற்றாண்டுக்கு முன்பு ஏட்டுச்சுவடிக்குக் கிடைத்த அந்த மரியாதை இன்று பாட்டுக்குக் கிடைப்பதில்லை. மூலம் ஸ்டுடியோ நாடாவா, இசைத்தட்டா, திரைப்படச் சுருளின் ஒலித்தடமா? எந்த ஆண்டில் மாற்றப்பட்டது? எது நீக்கப்பட்டது? யார் செய்தார்? ‘ரீமாஸ்டர்’ என்ற ஒற்றைச் சொல் இவற்றில் ஒன்றுக்கும் விடை சொல்வதில்லை.

செய்ய இயலாத காரியமன்று இது. பீட்டில்ஸ் குழுவின் தொகுப்புகள் 2009இல் மறுவெளியீடு கண்டபோது, ஸ்டீரியோ வடிவத்தோடு ஒற்றைத் தட வடிவமும் அதே நாளில் தனிப் பெட்டியாக வந்தது. அவர்களின் இரண்டு தொகுப்புகள் 1980களில் குறுவட்டுக்காகப் புதிதாகக் கலவை செய்யப்பட்டிருந்தன. அவற்றின் 1965ஆம் ஆண்டு ஸ்டீரியோ கலவையும் அந்தப் பெட்டியில் சேர்க்கப்பட்டது. பாடபேதத்தைப் பதிப்பிப்பது என்பது இதுதான்.

தமிழ்ப் பாடல்களுக்கு இது மேலும் அவசரமானது. குறுவட்டுக் காலத்தில் புதிய பதிப்பு வந்தாலும் பழையது அலமாரியில் இருந்தது. இணையச் சேவையிலோ, ஒரு நாள் புதிய வடிவம் பழையதன் இடத்தில் சத்தமின்றி அமர்ந்துவிடலாம். அடுத்த தலைமுறை அதையே மூலம் என்று நம்பும். எனவே உரிமை பெற்ற நிறுவனங்கள் இரண்டைச் செய்யக் கடமைப்பட்டவை. ஒவ்வொரு ரீமாஸ்டருக்கும் நான்கு வரியில் ஒரு பதிப்புரை வேண்டும். மெருகேற்றாத நேர்ப்படியும் கேட்கக் கிடைக்க வேண்டும்.

அதுவரை கோல் மார்க்கெட்டுத் தந்தையும் மகனும் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பரணில் கிடக்கும் நாடாக்களை வெளியே எறியாதிருப்பது. பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றில் விடப்பட்ட ஏடுகளில் எவையெவை இருந்தன என்று இனி யாராலும் சொல்ல இயலாது.