மின்கலத்தைக் கழற்றும் உரிமை வேண்டும்

ஏழெட்டு ஆண்டு பழைய மடிக்கணினி ஒருநாள் திறக்க மறுத்தால், "போர்டு போய்விட்டது, புதிதாக வாங்கிவிடலாம்" என்று பலரும் உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். சோதித்துப் பார்க்காமலே எடுக்கும் முடிவு இது.

சுவர்ப் பிளக், அடாப்டர், அடாப்டர் முனையைச் செருகும் துளை, மின்கலம், தாய்ப்பலகை ஆகிய ஐந்தில் எதில் பழுது என்றாலும் கணினி இயங்காமல் போகலாம். முதல் நான்கையும் சரிசெய்ய ஆகும் செலவு பெரும்பாலும் தாய்ப்பலகையைவிடக் குறைவு. ஆகவே வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பதே சரியான முறை.

அதே பிளக்கில் வேறு கருவி இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு, முடிந்தால் வேறோர் அடாப்டரைப் பொருத்துங்கள். முனையின் வகையும் அதில் அச்சிட்டுள்ள வோல்ட் அளவும் பழையதை ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். குறைந்தால் கணினி இயங்கினாலும் சார்ஜ் ஏறாமல் போகலாம். சில அடாப்டர்களில் தன்னை அடையாளம் காட்டும் மெல்லிய கம்பி ஒன்று உண்டு. அது அறுந்தாலும் இதே அறிகுறிதான். மின்கலத்தின் மீது பழி போடுமுன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்த சோதனை முக்கியமானது. அடாப்டரைப் பிடுங்கி, மின்கலத்தையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடிந்து, மின்சாரத்தை நிர்வகிக்கும் சில்லு புதிதாகத் தொடங்க வழி பிறக்கும். பிறகு மின்கலம் இல்லாமல் அடாப்டரை மட்டும் செருகித் திறந்து பாருங்கள். இயங்கினால் மின்கலத்தைச் சந்தேகிக்கலாம். இயங்காவிட்டால் துளையையும் தாய்ப்பலகையையும் பழுதுபார்ப்பவரிடம் காட்ட வேண்டும். விசிறி சுழன்றும் திரை இருண்டிருந்தால், கோளாறு நினைவகத்திலோ திரையிலோ இருக்கக்கூடும்.

ஓர் எச்சரிக்கை: உப்பிய மின்கலத்தை அழுத்தவோ குத்தவோ கூடாது, குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது. அது தீப்பற்றும்.

இந்த முக்கியச் சோதனைக்கு ஒரு வசதி வேண்டும்: மின்கலத்தைக் கழற்ற முடிய வேண்டும். முன்பு பல கணினிகளின் அடியில் தாழ்ப்பாளைத் தள்ளினால் போதும், மின்கலம் கையோடு வந்துவிடும். இன்று அதை உள்ளே திருகியோ ஒட்டியோ மூடிவிடுகிறார்கள். கணினி மெலிதாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் லித்தியம் அயனி மின்கலம் சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதும் தளரத் தொடங்கும். நம் ஊர் வெப்பம் அதை இன்னும் விரைவுபடுத்தும். தேய்வது உறுதி என்று தெரிந்த பாகத்தை ஒட்டி மூடுவது, டயரை மாற்ற முடியாத காரை விற்பதற்குச் சமம்.

இதைக் கேட்கும் தகுதி பினாங்குக்கு உண்டு. பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கிய 1972-இல்தான் இண்டெல் நிறுவனமும் இங்கு ஆலை அமைத்தது. சில்லுகளைப் பொருத்திச் சோதித்து உலகுக்கு அனுப்பும் தீவு இது. இங்கேயே கணினியைச் சோதிக்காமல் வீசுவது பொருந்துமா?

2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் பள்ளிகள் மூடப்பட்டபோது, இணைய வகுப்புக்குக் கருவியின்றித் தவித்த மாணவர்கள் எத்தனை பேர்! பழுதுபார்த்த ஒரு பழைய கணினி, வசதி குறைந்த வீட்டில் ஒரு பிள்ளையின் படிப்பு. உலகில் 2022-இல் மட்டும் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னியல் கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரிக்கப்பட்டதாகப் பதிவானது அதில் கால்பங்குகூட இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய சட்டப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கு விற்கும் கருவிகளின் கையடக்க மின்கலங்களைப் பயனீட்டாளரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். சில விலக்குகள் மட்டுமே உண்டு. மலேசியாவிலும் அத்தகைய விதி வர வேண்டும். 1969 முதல் பயனீட்டாளர் உரிமைக்குக் குரல் கொடுக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் ஊரிலிருந்தே இக்கோரிக்கை வலுப்பெறட்டும்.

சட்டம் வரும்வரை நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. அடுத்த மடிக்கணினி வாங்கும்போது கடைக்காரரிடம் கேளுங்கள்: "மின்கலத்தை மாற்ற முடியுமா? எத்தனை ரிங்கிட் ஆகும்?" பதில் சொல்லத் தயங்கினால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.